பதினாலு ஒண்ணும் பண்ணல

கெட்டில் ரேபிட்ஸில் பதினாலு என்ற எண்ணை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் படைவீரர் சங்கக் கூடத்தில் பிங்கோ ஆடும்போது அந்த எண் விழுந்தால், எண் கூப்பிடுகிறவர் "லகாஸ்" என்பார். ஆடுகிறவர்களும் மறுபேச்சில்லாமல் பதினாலாம் கட்டத்தில் மையைக் குத்திக்கொள்வார்கள். வெளியூர்க்காரர் யாராவது "லகாஸா? அது எத்தனை?" என்று கேட்டுவிட்டால் அவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

ரேஜான் லகாஸ் அந்த ஊரின் ரிவர்மென் அணியில் பதினாலாம் எண் சட்டையோடு பனி ஹாக்கி ஆடியவர். சம்பளத்துக்கு ஆடிய தொழில்முறை அணி அது. காகித ஆலையை விட்டால் ஊருக்கு இருந்த ஒரே பெருமை. பக் என்ற கறுப்பு ரப்பர் வட்டைக் குச்சியால் தள்ளி லகாஸ் கோல் அடிப்பார். அதைவிட அதிகமாக ஆளை அடிப்பார். ரெஃபரி ஊதி, ஒலிபெருக்கியில் "பதினாலு, ரெண்டு நிமிஷம்" என்று வந்ததும் அரங்கம் மொத்தமும் எழுந்து நின்று "பதினாலு ஒண்ணும் பண்ணல" என்று கத்தும். அவர் அப்போதுதான் எவன் மூக்கையாவது பெயர்த்துவிட்டுத் அந்த ரெண்டு நிமிஷம் ஒதுங்கி உட்கார வேண்டிய தண்டனைப் பெட்டிக்குள் போய்க்கொண்டிருப்பார். எல்லாரும் கண்ணால் பார்த்ததுதான். ஆனாலும் நம்ம ஆள் நம்ம ஆள்தானே.

அவர் ஆட்டத்தை விட்டபோது அந்த எண்ணுக்கும் ஓய்வு கொடுத்தார்கள். பச்சைத் துணியில் வெள்ளையாக 14 என்று தைத்து அரங்கத்தின் கூரையில் ஏற்றினார்கள். இனி இந்த அணியில் வேறு யாரும் அந்த எண்ணைப் போடக்கூடாது என்று அதற்குப் பொருள். நாலு வருடம் கழித்து அணியே விலைபோய், தெற்கே அமெரிக்காவில் ஏதோ பாலைவன ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டது. கட்சி போயிற்று, கொடி மட்டும் நின்றது. தடை ரிவர்மென்னுக்குத்தான், ஆனால் ஊர் அதை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டது. பள்ளிக்கூடத்துப் பொடியன்கள்கூட அந்த எண்ணைக் கேட்பதில்லை. சட்டம் என்றால் எங்காவது எழுதியிருக்கும், எதிர்த்துப் பேசலாம். வழக்கத்தோடு யார் பேசுவது?

இந்த வருடம், பெண்கள் தொழில்முறை லீகின் லிங்க்ஸ் அணி, பெருநகரத்து வாடகை கட்டுப்படியாகாமல், காலியாகக் கிடந்த அந்த அரங்கத்துக்கு வந்து சேர்ந்தது. அதன் கேப்டன் ஐலா கோஸ்கெலா இதே ஊரில் பிறந்தவள். முப்பத்தொரு வயது. அவள் எண் பதினாலு.

முதல் ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது வெண்டல் ப்ரோகோப் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வெண்டல் அரங்கக் குழுவின் தலைவர். ரிவர்மென் காலத்திலிருந்தே ஒலிபெருக்கியில் அறிவிப்பவரும் அவர்தான். ஐலாவுக்கு ஒன்பது வயதில் பயிற்சி கொடுத்தவரும் அவர்தான். அதனால் அவள் இன்றைக்கும் அவரைக் கோச் என்றே கூப்பிடுவாள். மேஜைமேல் புதுச் சட்டை ஒன்றை விரித்து வைத்திருந்தார். முதுகில் 41.

"எப்படி இருக்கு? அதே ரெண்டு நம்பருதான். கொஞ்சம் இடம் மாறி உக்காந்திருக்கு, அவ்வளவுதான்."

"உங்க ஷூவ கால் மாத்திப் போட்டுக்கிட்டு நடங்க கோச். அதுவும் அதே ரெண்டு ஷூதானே."

"விளையாடாத ஐலா. முத ஆட்டத்துக்கு லகாஸ் வர்றார். பக்கப் போட்டுத் தொடங்கி வைக்கப்போறதே அவர்தான். பாதி டிக்கெட்டு அவர் பேருக்குத்தான் போயிருக்கு. எவ முதுகுலயாவது அந்த நம்பரப் பாத்தா வண்டிய விட்டே இறங்கமாட்டேன்னுட்டார்."

"அவர் ஆடுனது ரிவர்மென்ல. நாங்க லிங்க்ஸ். எங்க டீம்ல எந்த நம்பருக்கும் ஓய்வு குடுக்கல."

"டீம் வேறயா இருக்கலாம். கூரை ஒண்ணுதானே? இந்தக் கூரைக்குக் கீழ ஒருத்தருக்குத்தான் அந்த நம்பர்."

ஐலா 41-ஐத் தொடவில்லை. "எனக்கு முதமுதல்ல சட்டை குடுத்தது யாரு கோச்?" என்று கேட்டாள்.

"நானாத்தான் இருக்கும். எத்தனையோ பிள்ளைங்களுக்குக் குடுத்திருக்கேன்."

அவருக்கு மறந்துவிட்டது. அடித்தவனுக்கு எங்கே நினைவிருக்கும்? அவளுக்கு அப்படியே இருந்தது. அன்றைக்கு அவள் அம்மா ஆலையில் வேலை முடிந்து அவளைக் கூட்டி வருவதற்குள் சட்டைகள் எல்லாம் பையன்களுக்குப் போய்விட்டன. சிறுவர் சட்டைகள் கட்டாகத்தான் வரும். ஒவ்வொரு கட்டிலும் ஒரு பதினாலு இருக்கும். அதை யாருக்கும் கொடுக்காமல் மூட்டைக்கு அடியிலேயே விட்டுவிடுவார்கள். வெண்டல் மூட்டையைக் கவிழ்த்து உதறினார். அது ஒன்றுதான் விழுந்தது. சுற்றி நின்ற அப்பாக்கள் முகத்தைச் சுளித்தார்கள். வெண்டல் தலையைச் சொறிந்துகொண்டு, "பொண்ணுதானே, போட்டுட்டுப் போகட்டும். பொண்ணு போட்டா கணக்குல வராது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சட்டை கிடைத்த சந்தோஷத்தில் ஐலாவும் சிரித்தாள்.

என்ன சொன்னார் என்பது அவளுக்கு உறைக்க இரண்டு வருடம் ஆயிற்று. உறைத்த அன்றே முடிவு செய்துவிட்டாள், எங்கே ஆடினாலும் இனி இந்த எண்தான் என்று. பல்கலைக்கழகத்தில் அதைப் போட்டாள். நாட்டு அணியின் முகாமில் எழுபத்தெட்டைக் கொடுத்தார்கள். எப்படியும் வீட்டுக்கு அனுப்பப்போகிற ஆட்களுக்குத்தான் அப்படிப்பட்ட பெரிய எண்கள் போகும். அவள் எழுபத்தெட்டோடு மூன்று முகாம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்று, அணியில் இடத்தையும் பதினாலையும் ஒரே நாளில் வாங்கினாள். இதையெல்லாம் இப்போது வெண்டலிடம் சொன்னாள். கடைசியில் அந்த ஒரு வரியையும் சொன்னாள்.

வெண்டலின் காது மடல் சிவந்தது. "நானா அப்படிச் சொன்னேன்? ஏதோ ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பேன்."

"அப்ப கணக்குல வரல. இப்ப மட்டும் எப்படி வருது?"

வெண்டல் பேச்சை மாற்றி வேறு வழி காட்டினார். "சரி, இப்படிப் பண்ணு. நேரா லகாஸ் வீட்டுக்குப் போ. ஒரு வார்த்தை கேளு. பெரிய மனுஷன், மனசு வச்சா சரின்னு சொல்லிடுவார்."

"கேட்டா அது அவர் குடுத்ததாயிடும். இது நான் சம்பாதிச்சது கோச்."

உடை மாற்றும் அறையிலும் நிம்மதி இல்லை. லிங்க்ஸ் அணியின் பயிற்சியாளர் டெனிஸ் ஒகிமாவ், வடக்கே ஆற்று முகத்துவாரத்திலிருந்து வந்த க்ரீ பழங்குடி இனத்துப் பெண்மணி. வளைத்துப் பேசத் தெரியாதவள். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள லீகுக்குப் பேரும் நம்பரும் அனுப்பணும். அனுப்பினா சீசன் முடியறவரைக்கும் அதுதான். ஒண்ணு மட்டும் சொல்றேன், கூட்டம் வரலேன்னா லீக் நம்மள இழுத்து மூடிடும். இங்க இருக்கற அத்தன பேருக்கும் இதுதான் பொழப்பு. உன் இஷ்டம், நீயே சொல்லு" என்றாள்.

"நம்பர்தானடி, விட்டுத் தள்ளேன்" என்றாள் கோல்காப்பாளர் தெரேஸ், காலுறையைக் கழற்றிக்கொண்டே.

"நீ பேசாத. கோல் காக்கறவங்கல்லாம் ஒண்ணு, முப்பது, முப்பத்தொண்ணுங்கற நம்பரோடயே பொறக்கறீங்க. உங்களுக்கு நம்பரோட அருமை என்ன தெரியும்?"

எல்லாரும் சிரித்தார்கள். ஐலாவுக்குச் சிரிப்பு நிற்கவில்லை, உள்ளே பயமும் நிற்கவில்லை. தன் பிடிவாதத்தால் இந்தப் பெண்களின் சோற்றில் மண் விழுந்துவிடுமோ என்ற பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டால், மூட்டையைச் சுற்றி நின்று சிரித்த அந்த அப்பாக்கள் சொன்னது சரி என்று ஆகிவிடும்.

மறுநாள் காலைப் பயிற்சிக்கு லகாஸே வந்துவிட்டார். அறுபதைத் தாண்டியவர், இடது முழங்கால் மடங்காது, கையில் காகிதக் கோப்பையில் காப்பி. ஆட்டக்காரர்கள் ஓய்ந்து நிற்கும் நேரம் பார்த்து ஐஸைச் சுற்றியிருக்கும் மரத்தடுப்பின் அருகே வந்து நின்றார்.

"நீதான் அந்தத் திருடியா?"

"மேல தொங்கறது நீங்கதானா?" என்றாள் ஐலா.

"வாய் ரொம்ப நீளம். இங்க பாரு." வாயை அகலத் திறந்து காட்டினார். "பதினோரு பல்லு. அந்த நம்பரப் போட்டுக்கிட்டு இதே ஐஸ்ல பதினோரு பல்லு விட்டேன். சும்மா வந்துதுன்னு நெனச்சியா?"

ஐலா கையுறையைக் கழற்றினாள். மேல்வரிசையில் மாட்டியிருந்த பொய்ப்பல் தகட்டை எடுத்துத் தடுப்பின் விளிம்பில், அவருடைய காப்பிக்குப் பக்கத்தில் வைத்தாள். "நாலு. நான் இன்னும் ஆடி முடிக்கல."

லகாஸ் குனிந்து பார்த்தார். தொழில் தெரிந்தவர் பார்க்கிற பார்வை. "குச்சி பட்டுச்சா, பக் பட்டுச்சா?"

"முழங்கை. ஃபின்லாந்துக்காரி ஒருத்தி. எங்க பூர்வீகமும் அங்கதான், சொந்தக்காரியாக்கூட இருப்பா."

"ரெஃபரி ஊதினானா?"

"இல்ல."

"குருட்டுப் பய." சொல்லிவிட்டு, தான் எதற்கு வந்தோம் என்பது ஞாபகம் வந்தவராக நிமிர்ந்தார். "அதெல்லாம் சரி. நீ எங்கிட்ட வந்து கேட்டிருக்கணும். அதுதான் மரியாதை."

"கேக்கமாட்டேன்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன், தெரியுமா?"

"தெரியும். அதனாலதான் கேக்கல."

அவருக்கு மூக்கு விடைத்தது. நாற்பது வருடமாக ஊரில் யாரும் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. "அப்ப உங்க பக்க நீங்களே போட்டுக்குங்க. நான் போடல" என்று சொல்லிவிட்டு, காப்பியை அங்கேயே விட்டுவிட்டு விந்தி விந்தி நடந்தார். ஐலா பல்லை எடுத்து மாட்டிக்கொண்டு டெனிஸிடம் போனாள்.

"பதினாலுன்னே அனுப்பு."

"நான் ஏற்கெனவே அனுப்பிட்டேன்" என்றாள் டெனிஸ். "நீ மாத்திக்கிட்டிருந்தா உன்ன உதைச்சிருப்பேன்."

லகாஸ் வரமாட்டார் என்ற செய்தி மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பரவியது. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க வரிசை நிற்கும் என்று வெண்டல் நடுங்கிக்கொண்டிருந்தார். ஒரு ஆள்கூட வரவில்லை. சண்டை நடக்கப்போகிறது என்று தெரிந்தால் எந்த ஊர் வீட்டில் உட்காரும்? சனிக்கிழமை சாயங்காலம் அரங்கம் நிரம்பி, படிக்கட்டிலும் ஆள். மூன்றாம் வரிசையில், பள்ளிக்கூட ஆட்டங்களுக்கு எப்போதும் உட்காரும் அதே இடத்தில், தொப்பியைப் புருவம்வரை இறக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு லகாஸ் உட்கார்ந்திருந்தார். பக்கைப் போடமாட்டேன் என்றுதான் சொன்னாராம். ஆட்டம் பார்க்கமாட்டேன் என்று சொல்லவில்லையாம்.

கேப்டன் கடைசியில் இறங்குவது வழக்கம். ஐலா ஐஸில் கால் வைத்ததும் மற்றவர்களுக்கு விழுந்த கைத்தட்டல் அப்படியே நின்றது. கூச்சலும் இல்லை. மூவாயிரம் பேர் வாயை மூடிக்கொண்டு அவள் முதுகையே பார்த்தார்கள். மேல்வரிசையிலிருந்து யாரோ ஒருவன், "கழட்டுடி அத" என்றான். அவளுக்குக் காது எரிந்தது. பிறந்த ஊரில் இப்படி நிற்க வேண்டியிருக்கிறதே என்று அழுகை முட்டியது. அழுகை வந்தால் அவளுக்குக் கூடவே கோபமும் வரும். நேராகப் போய், தொங்கும் பச்சைத் துணிக்குக் கீழே ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு இன்னொரு சுற்றும் சுற்றினாள்.

வெண்டல் ஒவ்வொருத்தியையும் எண்ணும் பேருமாக அறிவித்தார். இவள் முறை வந்தபோது, "கேப்டன், ஐலா கோஸ்கெலா" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். பக்கையும் அவரே வந்து போட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் மைக் பக்கம் திரும்பினார்.

இரண்டாம் பகுதியில் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. எதிரணிக்காரி ஒருத்தி பக்கைப் பறித்துக்கொண்டு தனியாகப் பாய்ந்தாள். முன்னால் தெரேஸையும் இன்னொருத்தியையும் தவிர யாரும் இல்லை. ஐலா துரத்தினாள், எட்டவில்லை. குச்சியை நீட்டிக் காலை வாரிவிட்டாள். ஒளிவு மறைவே இல்லாத தப்பு. ரெஃபரி ஊதினார். அவர் ஹாலிஃபாக்ஸிலிருந்து அன்று காலைதான் விமானத்தில் வந்தவர். கெட்டில் ரேபிட்ஸைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாதவர்.

தண்டனைப் பெட்டியும் அறிவிப்பாளர் மேஜையும் பக்கத்துப் பக்கத்தில்தான். நடுவே இடுப்பளவுப் பலகை. ஐலா உள்ளே போய் உட்கார்ந்தாள். வெண்டல் மைக்கைத் தட்டினார்.

"லிங்க்ஸ். ஐலா கோஸ்கெலா. கால் வாரினதுக்கு ரெண்டு நிமிஷம்."

ரெஃபரி மேஜைக்கு முன்னாலிருந்த கண்ணாடித் தடுப்பை விரலால் தட்டினார். "நம்பரச் சொல்லுங்க சார்."

"பேரச் சொல்லிட்டேனே."

"நான் பேருக்கு ஊதல. நம்பருக்குத்தான் ஊதினேன். நீங்க சொல்றவரைக்கும் ஆட்டம் நடக்காது."

வெண்டல் கூரையைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். உதவிக்கு யாரும் வரவில்லை. மைக் பக்கம் குனிந்தார்.

"பதினாலு."

அந்தச் சொல் அந்தக் கூரைக்குக் கீழே ஒலிபெருக்கியில் ஒலித்து இருபத்தெட்டு வருடம் ஆகியிருந்தது. குளிரூட்டும் இயந்திரத்தின் உறுமல்கூடக் கேட்டது. அப்போது மூன்றாம் வரிசையில் ஒரு ஆள் துள்ளி எழுந்தார். தொப்பி பின்னால் விழுந்தது.

"பதினாலு ஒண்ணும் பண்ணல."

லகாஸ்தான். எழுந்தது அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது. வாயைத் திறந்தபடி சுற்றுமுற்றும் பார்த்தார். எத்தனையோ தரம் பெட்டிக்குள் உட்கார்ந்து கேட்ட கூச்சல் அது. அதை அவர் வாயால் சொன்னது அன்றைக்குத்தான். அடுத்த நொடி பக்கத்தில் இருந்த ஆலைக்காரர்கள் எழுந்தார்கள். பிறகு அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்கள். பிறகு கழட்டச் சொன்னவன் இருந்த மேல்வரிசை. மூவாயிரம் பேரும் காலால் தரையை உதைத்து, பதினாலு ஒண்ணும் பண்ணல என்று முழங்கினார்கள். அவள் காலை வாரியதை அத்தனை பேரும் கண்ணால் பார்த்திருந்தார்கள். ரெஃபரி திகைத்துப்போய்த் தன் விசிலைப் பார்த்துக்கொண்டார்.

ஐலாவுக்குச் சிரிப்பு வந்தது. லகாஸ் தொப்பியைத் தேடி எடுத்துப் பழையபடி புருவம்வரை இறக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை. அவள் பார்வை வேறொன்றில் நின்றது. வெண்டலின் மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பதற்றத்தில் அணைக்க மறந்துவிட்டார்.

கூச்சல் அடங்கும்வரை பொறுத்தாள். பிறகு பலகைமேல் சாய்ந்து கேட்டாள். அவள் குரல் கூரைவரை போயிற்று.

"கோச். பொண்ணு போட்டா கணக்குல வருமா, வராதா?"

வெண்டலின் கை விசையைத் தேடிப் போயிற்று, பாதி வழியில் நின்றது. அணைத்து என்ன பயன்? எல்லாரும் கேட்டாயிற்று. கூட்டத்தில் அன்றைக்கு மூட்டையைச் சுற்றி நின்ற அப்பாக்கள் சிலரும் நரைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மேலே தொங்கும் எண்ணைப் பார்த்தார், பெட்டிக்குள் இருக்கும் எண்ணைப் பார்த்தார்.

"வரும்" என்றார், உதட்டுக்குள்.

"கேக்கல, வெண்டல்" என்று மூன்றாம் வரிசையிலிருந்து லகாஸ் குரல் கொடுத்தார்.

வெண்டல் மைக்கை வாய்க்கு அருகே இழுத்துக்கொண்டார். "கணக்குல வரும்" என்றார். கேட்க வேண்டியவர்கள் எல்லாருக்கும் கேட்டது.

ஆட்டம் தொடங்கியது. பெட்டிக்குள் அவள் குச்சியைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்திருந்தாள். நேரம் முடிந்ததும், கதவைத் திறந்துவிடும் ஆள் கையை நீட்டுமுன் அவளே தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டு ஐஸில் இறங்கினாள்.